73 நாணயங்கள் போதும்

திருவனந்தபுரத்தில் படித்து, பின்னர் அங்கேயே ஓராண்டு பணியாற்றிய சிவசங்கரநாராயண பிள்ளை, எண்களின் எல்லையில்லாத கூட்டத்துக்கு ஒரு விதியைக் கண்டார். 1729-ஐ அறிந்த தமிழர்கள் 703-ஐயும் தெரிந்துகொள்ள வேண்டும்.

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு விசித்திரமான நாணய முறை அமலில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1 ரூபாய், 64 ரூபாய், 729 ரூபாய், 4,096 ரூபாய் என்றுதான் நாணயங்கள். நோட்டுகள் கிடையாது. சில்லறை திருப்பித் தரும் வழக்கமும் இல்லை. நீங்கள் 703 ரூபாய்க்கு ஒரு வேட்டி வாங்குகிறீர்கள். எத்தனை நாணயங்களை எண்ணி வைக்கவேண்டும்?

729 ரூபாய் நாணயம் உதவாது. 26 ரூபாய் அதிகம். 64 ரூபாய் நாணயங்கள் பதினொன்றை வைத்தால் 704. ஒரே ஒரு ரூபாயில் கணக்கு கெட்டுவிடுகிறது. ஆகவே பத்தோடு நிறுத்திக்கொண்டு, மீதி 63 ரூபாயை ஒவ்வொன்றாக எண்ணவேண்டியதுதான். மொத்தம் 73 நாணயங்கள். இதற்குக் குறைவாகக் கொடுக்க வழியே இல்லை.

703 ரூபாய்க்கே இந்தப் பாடு என்றால் 7 லட்சத்துக்கு எத்தனை? 7 கோடிக்கு எத்தனை? பயப்படத் தேவையில்லை. இந்த நாணயங்கள் எல்லாமே ஆறாம் அடுக்குகள். 2-ஐ ஆறு முறை எழுதிப் பெருக்கினால் 64. 3-ஐ அப்படிப் பெருக்கினால் 729. வரிசை 15,625, 46,656, 1,17,649 என்று முடிவில்லாமல் வளர்கிறது. தொகை எவ்வளவு பெரிதானாலும் 73 நாணயங்களுக்கு மேல் தேவைப்படாது. உலகத்து மணல் துகள்களின் எண்ணிக்கையைவிடப் பெரிய எண்ணுக்கும் இதே உத்தரவாதம் உண்டு. 1940-ல் இதை நிரூபித்தவர் சுப்பய்யா சிவசங்கரநாராயண பிள்ளை.

கணிதம் என்றதும் தமிழர்களுக்கு ஞாபகம் வருவது ராமானுஜனும் 1729-ம்தான். மருத்துவமனையில் படுத்திருந்தவரைப் பார்க்க வந்த ஹார்டி, தன் டாக்சி எண்ணைச் சுவாரஸ்யமற்றது என்று சொன்னதும், இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுதான் என்று ராமானுஜன் பதிலளித்ததும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரியும். பிள்ளையின் 703-க்கு டாக்சியும் இல்லை, ஹார்டியும் இல்லை. சொல்வதற்குக் கதை இல்லாத கணிதத்தை நாம் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

கதை அடியோடு இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901 ஏப்ரல் 5-ல் பிறந்தவர் பிள்ளை. பிறந்த மறு வருடமே தாயை இழந்தார். பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில் தந்தையும் போய்விட, அவருடைய திறமையை அறிந்திருந்த ஆசிரியர் ஒருவர் தன் சம்பளத்திலிருந்து உதவினார். அன்றைக்குப் பக்கத்துச் செங்கோட்டையே திருவிதாங்கூர் சமஸ்தானம். நாகர்கோவிலும் அப்படித்தான். அங்கே ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் இன்டர்மீடியட்டை முடித்துவிட்டு, பி.ஏ. படிக்கத் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரிக்கு வந்தார். மனோன்மணீயம் தந்த சுந்தரம் பிள்ளை ஒரு தலைமுறைக்கு முன்பு தத்துவம் கற்பித்த அதே கல்லூரி. இன்று பாளையத்தில் யூனிவர்சிட்டி கல்லூரி என்ற பெயரில் இருக்கிறது.

1927-ல் சென்னையில் ஆராய்ச்சி மாணவரானார். ஹார்டியிடம் கேம்பிரிட்ஜில் பயின்று திரும்பியிருந்த ஆனந்தராவ் அவருடைய வழிகாட்டி. 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. சிதம்பரத்தில் கழிந்த அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில்தான் பிள்ளை உலகம் கவனிக்கும் கணித அறிஞரானார்.

அவரை ஈர்த்த கேள்விக்கு அப்போதே 160 வயதுக்கு மேல் ஆகியிருந்தது. 1770-ல் எட்வர்ட் வேரிங் என்ற ஆங்கிலேயர் நிரூபணம் ஏதும் தராமல் ஒரு கூற்றை எழுதிவைத்தார். எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம், கனங்கள் என்றால் ஒன்பது போதும், நான்காம் அடுக்குகள் என்றால் பத்தொன்பது, மேற்கொண்டும் இப்படியே. வர்க்கங்களுக்கான நிரூபணத்தை அதே ஆண்டில் லக்ராஞ்சு தந்துவிட்டார். கனங்களுக்கு 1909 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எல்லா அடுக்குகளுக்கும் இப்படி ஒரு வரம்பு நிச்சயம் உண்டு என்பதை ஜெர்மனியின் ஹில்பர்ட் அதே 1909-ல் நிறுவினார். ஆனால் அந்த வரம்பு எது என்று அவருடைய வழி சொல்லவில்லை. கிணற்றுக்கு அடி உண்டு என்று தெரிந்தது. எத்தனை பாகம் ஆழம் என்று தெரியவில்லை.

ஆழத்தை அளக்கும் கயிறு நம் கையிலேயே இருக்கிறது. 703-ஐ மறுபடி பாருங்கள். அது 64-ன் பதினொரு மடங்குக்கு ஒன்று குறைவு. ஆகவே 64 ரூபாய் நாணயங்களில் பதினொன்றுக்கு ஒன்று குறைவாகவும், ஒரு ரூபாய் நாணயங்களில் அறுபத்து நான்குக்கு ஒன்று குறைவாகவும் வைக்கிறோம். 64-ம் 11-ம் சேர்ந்து 75. அதில் இரண்டைக் கழித்தால் 73. பதினொன்று எங்கிருந்து வந்தது? 729-க்குள் 64 முழுசாகப் பதினொரு முறைதான் அடங்கும். கனங்களுக்கும் இதே கணக்கு. 27-க்குள் 8 மூன்று முறை அடங்கும். எட்டும் மூன்றும் பதினொன்று. இரண்டு போக ஒன்பது. அத்தனை நாணயங்களையும் கேட்டு அடம்பிடிக்கும் எண் 23. இரண்டு எட்டும் ஏழு ஒன்றும் வைத்தே தீரவேண்டும்.

இந்தக் கணக்கைப் பெரிய அடுக்குகளுக்குக் கொண்டுபோனால் மலைப்பு தட்டும். இருபதாம் அடுக்கை எடுத்துக்கொள்வோம். இப்போது முதல் நாணயம் 1 ரூபாய்; இரண்டாவது 10,48,576 ரூபாய்; மூன்றாவது 348 கோடியே 67 லட்சத்து 84 ஆயிரத்து 401 ரூபாய். இந்த மூன்றாவது நாணயத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது 348 கோடியே 65 லட்சத்து 15 ஆயிரத்து 199 என்ற எண். அந்தத் தொகையைக் கட்ட 3,324 பெரிய நாணயங்களும் 10,48,575 ஒற்றை ரூபாய்களும் வேண்டும். மொத்தம் 10,51,899.

ஓர் எண்ணுக்கு இத்தனை தேவை என்று காட்டுவது சுலபம். பேனாவும் காகிதமும் போதும். வேறு எந்த எண்ணுக்கும் இதைவிட அதிகம் தேவைப்படாது என்று காட்டுவதில்தான் கஷ்டம். எண்களுக்கு முடிவில்லை, ஒவ்வொன்றாகச் சோதித்துத் தீராது. மிகப் பெரிய எண்களை மொத்தமாக வளைத்துப் பிடிக்க ஹார்டியும் லிட்டில்வுட்டும் ஒரு முறையை வகுத்திருந்தார்கள். ரஷ்யாவின் வினோகிராதோவ் அதைக் கூர்மையாக்கினார். ஓர் எல்லைக்கு மேல் உள்ளவை அந்த வலையில் விழுந்துவிடும். சிறிய எண்களைக் கையால் கணக்கிட்டுவிடலாம். நடுவில் கிடக்கும் பிரம்மாண்டமான பாலைவனம்தான் பிரச்னை. வலை தொடங்கும் இடம் வரை கைக்கணக்கை நீட்டியாக வேண்டும்.

1930-களின் நடுவில் இரண்டு பேர் இந்தப் பாலைவனத்தைக் கடந்தார்கள். ஒருவர் சிகாகோவின் லெனார்ட் டிக்சன், எண்களின் வரலாற்றையே மூன்று பெரிய தொகுதிகளாக எழுதிய மூத்த பேராசிரியர். மற்றவர் சிதம்பரத்தில் இருந்த பிள்ளை. ஒருவரைச் சாராமல் மற்றவர், ஏழாம் அடுக்கிலிருந்து மேலே உள்ள எல்லாவற்றுக்கும் மேற்சொன்ன விதி எப்போது பொருந்தும் என்று கண்டுபிடித்தார்கள். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். 3-ன் அடுக்கை 2-ன் அதே அடுக்கால் வகுக்கும்போது வரும் மீதி, வகுக்கும் எண்ணுக்கு மிக அருகில் வந்துவிடக் கூடாது.

அடுக்கு குறையக் குறைய அந்தப் பாலைவனம் அகலமாகிறது. ஆறாம் அடுக்கு தனியாக நின்றது. அதை 1940-ல் பிள்ளை முடித்தார். 73 என்ற விடை அப்படித்தான் உறுதியானது.

1941-ல் அவர் திருவனந்தபுரம் திரும்பினார், இம்முறை ஆசிரியராக. நான்கு ஆண்டுகளுக்கு முன் தொடங்கப்பட்டிருந்த திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் வேலை. அதுதான் பின்னாளில் கேரளப் பல்கலைக்கழகம் ஆயிற்று. அந்த நாட்களில் அவரைப் பிடித்திருந்த இன்னொரு கேள்வியைப் பள்ளி மாணவர்களும் ரசிக்கலாம். அடுத்தடுத்த சில எண்களை எழுதிக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றோடும் 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத எண் ஒன்றாவது அவற்றில் இருக்குமா? பதினாறு எண்கள் வரை எங்கே தொடங்கினாலும் கட்டாயம் இருக்கும் என்று பிள்ளை நிரூபித்தார். பதினேழில் அந்த நியதி உடைகிறது.

உடையும் இடத்தை நீங்களே பார்க்கலாம். 2184-லிருந்து 2200 வரை பதினேழு எண்கள். இரட்டைப்படை எண்களுக்கு 2 பொது. 2185, 2195 இரண்டும் 5-ஆல் வகுபடும். 2187, 2193, 2199 மூன்றும் 3-ஆல். 2191-க்கும் 2184-க்கும் 7 பொது. 2189-க்கும் 2200-க்கும் 11 பொது. பாக்கி 2197. அது 13-ன் கனம்; 2184-லும் 13 ஒளிந்திருக்கிறது. உறவு இல்லாத எண் ஒன்றுகூட அந்தக் கும்பலில் இல்லை.

பெரிய எண்களின் மேல் நமக்கு உள்ள ஆசை பழையது. ஐ, அம், பல் என்று முடியும் எண்ணுப் பெயர்களுக்குத் தொல்காப்பியம் புணர்ச்சி விதி சொல்கிறது. தாமரை, வெள்ளம், ஆம்பல் என்று உரையாசிரியர்கள் உதாரணம் தருகிறார்கள். பூவின் பெயரைப் பேரெண்ணுக்கு வைத்த மொழி இது. ஆனால் பெயர் வைப்பது வேறு, இயல்பை அறிவது வேறு. எண்களுக்குப் பட்டம் சூட்டும் விளையாட்டிலும் இந்த வேறுபாடு உண்டு.

703-க்கே பட்டங்கள் நிறைய. 1 முதல் 37 வரை கூட்டினால் 703 வரும். அதனால் அது முக்கோண எண். அதன் வர்க்கம் 4,94,209. அந்த ஆறு இலக்கங்களை நடுவில் வெட்டி, 494-ஐயும் 209-ஐயும் கூட்டினால் மறுபடி 703. இத்தகைய எண்களுக்கு கப்ரேகர் எண்கள் என்று பெயர். நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர் கண்ட வகை அது. 1975-ல் அமெரிக்காவின் மார்ட்டின் கார்ட்னர் அவரைப் பற்றி எழுதிய பிறகு உலகம் முழுக்கப் புகழ் பெற்றார். இவையெல்லாம் ரசிக்கத்தக்கவை. கணிதத்துக்குள் பலரை அழைத்துவரும் வாசல்கள்.

ஆயினும் வெட்டிக் கூட்டும் இந்த வேடிக்கை, நாம் பத்துப் பத்தாக எண்ணுவதால் வருவது. எட்டெட்டாக எண்ணும் ஊரில் 703-க்கு அந்தப் பட்டம் கிடைக்காமல் போகலாம். ஆறாம் அடுக்குகளில் 73 தேவை என்பது எந்த ஊரிலும் மாறாது. அதைவிட முக்கியம், பிள்ளை 703-ஐப் பற்றிச் சொன்னதோடு நிற்கவில்லை. எழுதப்படாத, எழுதவே முடியாத எண்களைப் பற்றியும் சேர்த்துச் சொன்னார்.

அவர் பெயர் தாங்கிய எண் ஒன்றும் உண்டு. ஒரு கேள்விக்கு எதிர்மறையான பதில் வந்ததால் பிறந்த பெயர் அது. 1 முதல் ஓர் எண் வரை எல்லாவற்றையும் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். வரும் எண்ணை ஒரு பகா எண் வகுத்தால், அந்தப் பகா எண்ணில் ஒன்று குறைத்தது நாம் பெருக்கி முடித்த எண்ணின் மடங்காகவே இருக்குமா? பிள்ளை இப்படிக் கேட்டார். இல்லை என்று காட்டினார் அவருடைய நண்பரும் சேர்ந்து ஆராய்ச்சி செய்தவருமான சர்வதமன் சௌலா. 1 முதல் 14 வரை பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 8,717 கோடியே 82 லட்சத்து 91 ஆயிரத்து 201. இதை 23 மீதியின்றி வகுக்கிறது. ஆனால் 22, 14-ன் மடங்கு அல்ல. விதியை மீறும் இத்தகைய பகா எண்களுக்கு இன்று பிள்ளை பகா எண்கள் என்று பெயர். அவற்றில் முதலாவது 23. ஒன்பது கனங்களைக் கேட்டு அடம்பிடித்த அதே 23.

திருவனந்தபுரத்தில் பிள்ளை நீடிக்கவில்லை. ஓராண்டிலேயே கல்கத்தா பல்கலைக்கழகம் அழைத்தது. ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து வெளியேறி வந்த லெவி அங்கே கணிதத் துறையின் தலைவராக இருந்தார். கல்கத்தாவில் இருக்கும்போதுதான் பிரின்ஸ்டனிலிருந்து அழைப்பு வந்தது. ஐன்ஸ்டைன் இருந்த உயர் ஆய்வு நிறுவனத்தில் ஓராண்டு. போகிற வழியில் ஹார்வர்டில் உலகக் கணித மாநாடு. போர் காரணமாகப் பதினான்கு ஆண்டுகள் தடைபட்டிருந்த மாநாடு அது.

1950 ஆகஸ்ட் 30-ல் மாநாடு தொடங்கியது. மறுநாள் அதிகாலையில் பிள்ளை பயணம் செய்த விமானம் கெய்ரோவிலிருந்து கிளம்பிய சற்று நேரத்தில் நொறுங்கி விழுந்தது. விமானத்திலிருந்த 55 பேரும் இறந்தனர். பிள்ளைக்கு வயது 49.

அவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர்கள் தொடர்ந்தார்கள். மீதமிருந்த ஐந்தாம் அடுக்கை 1964-ல் சீனாவின் சென் ஜிங்ருன் முடித்தார், விடை 37. நான்காம் அடுக்கு 1986 வரை இழுத்தது. வேரிங் சொன்ன 19 சரிதான் என்று நிரூபித்த மூவரில் இருவர் பிரெஞ்சுக்காரர்கள்: டெசூயே, ட்ரெஸ். மூன்றாமவர் பின்னாளில் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த ஆர். பாலசுப்ரமணியன். 2010-ல் பிள்ளையின் ஆராய்ச்சிக் கட்டுரைகள் முழுத் தொகுப்பாக வெளிவந்தபோது அதன் பதிப்பாசிரியர்களில் ஒருவரும் அவரே. மற்றவர் ஆர். தங்கதுரை.

பாலைவனம் எவ்வளவு பெரியது என்பதை 2005-ல் முடிந்த ஒரு வேலை காட்டும். பத்தொன்பது வேண்டாம், பதினாறு நான்காம் அடுக்குகளே போதும் என்ற நிலை எந்த எண்ணுக்கு அப்பால் வருகிறது? 1-க்குப் பின்னால் 216 பூஜ்யங்கள் போட்டால் வரும் எண்ணைத் தாண்டியவற்றில், 16-ஆல் வகுபடாத அனைத்தையும் பேனாவால் பிடித்தார்கள். அதற்குக் கீழே கம்ப்யூட்டர் உதவியது. பதினாறில் அடங்காத கடைசி எண் 13,792 என்று தெரியவந்தது. 13,792-க்கும் 216 பூஜ்யங்களுக்கும் நடுவிலுள்ள தூரத்தை எந்தப் பூவின் பெயராலும் சொல்ல முடியாது.

பிள்ளையும் டிக்சனும் விதித்த நிபந்தனை மட்டும் இன்னும் தொங்கலில் இருக்கிறது. அதை மீறும் அடுக்குகள் இருந்தாலும் அவற்றுக்கு முடிவு உண்டு என்று 1957-ல் மாலர் நிறுவினார். 47 கோடியே 16 லட்சமாவது அடுக்கு வரை மீறல் ஒன்றும் இல்லை என்று 1990-ல் கம்ப்யூட்டரில் சோதித்தார்கள். அதற்கு அப்பால் ஒன்றே ஒன்று எங்காவது ஒளிந்திருக்கக்கூடும். இல்லை என்று யாரும் நிரூபிக்கவில்லை.

பிள்ளை கேட்டுவைத்த இன்னொரு கேள்வியும் பாக்கி. 8, 9 இரண்டும் அடுக்கெண்கள். ஒன்று கனம், மற்றது வர்க்கம். ஒன்றே வித்தியாசமாக அமைந்த இப்படி ஒரு ஜோடி வேறு இல்லை என்று 2002-ல் மிஹைலெஸ்கு நிரூபித்தார். வித்தியாசம் இரண்டு என்றால்? 25-ம் 27-ம் தெரியும். வேறு ஜோடிகள் உண்டா? வித்தியாசம் எதுவானாலும் ஜோடிகள் ஒரு கட்டத்தில் நின்றுபோகும் என்பது பிள்ளையின் ஊகம். கேட்டவர் மறைந்து முக்கால் நூற்றாண்டாகிறது. இரண்டுக்குக்கூட இன்னும் பதில் வரவில்லை. கேள்வியைப் புரிந்துகொள்ள எட்டாம் வகுப்புக் கணக்கு போதும்.